பேர் கேட்காத அண்ணன்

கொச்சி மட்டாஞ்சேரியில் கேள்வி கேட்காமல் யாராலும் ஒரு சாயாகூடக் குடிக்க முடியாது. நாடு எவிடெ, வீடு எவிடெ, கல்யாணம் ஆயோ, பையன் வளைகுடாவில் என்ன வேலை பார்க்கிறான் என்று டம்ளர் காலியாவதற்குள் முழு ஜாதகத்தையும் வாங்கிவிடுவார்கள். நானும் சளைத்தவள் இல்லை. பஜார் ரோட்டுக்குப் பின்னால், அரிசிக் குடோன்களுக்கு நடுவில் மெஸ் நடத்துகிறவள் நான். அந்த வட்டாரத்தில் சுமை தூக்குகிற அத்தனை பேரும் என் கையில் சாப்பிடுகிறவர்கள். எவன் வீட்டில் என்ன சண்டை என்று எனக்குத் தெரியாவிட்டால் அன்றைக்குக் குழம்பில் உப்பு போட்டேனா இல்லையா என்பதே மறந்துவிடும். அப்படிப்பட்ட என் வீட்டு மாடி அறையில் ஒரு மனிதர் இத்தனை வருஷமும் யாரிடமும் எதையும் கேட்காமல் இருந்துவிட்டுப் போனார்.

அவரை அழைத்து வந்தவர் என் வீட்டுக்காரர். தோப்பும்படித் துறைமுகத்தில் மீன்பிடி போட்டுகளின் அடியில் ஒட்டியிருக்கிற சிப்பியைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிற வேலையில் இரண்டு பேரும் கூட்டாளிகள். "சிலோன்காரர், பாவம், தங்க இடமில்லையாம்" என்றார் என் வீட்டுக்காரர். வந்தவர் வாசலில் ஒரு துணிப்பையோடு நின்றிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், முன்தலை நரைத்திருந்தது. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"பேரென்ன அண்ணே?"

"அண்ணன் எண்டே கூப்பிடுங்கோ தங்கச்சி. அது காணும்."

அடேயப்பா, பேரைச் சொன்னால் குறைந்தா போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். பதிலுக்கு என் பேரைக் கேட்பார் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். கேட்கவில்லை. அறை எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. நான் கையைக் காட்டிய பிறகுதான் மாடிப்படி ஏறினார்.

முதல் கொஞ்ச நாள் ஆளுக்கு ஏதோ கோளாறு என்றே முடிவு கட்டியிருந்தேன். ஒரு நாள் கலூருக்குப் போய் ஒரு பெயிண்ட் கடைக்காரரைப் பார்த்துவிட்டு வருவதாகக் காலையில் கிளம்பினார். சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். போன இடம் ஆலுவா. பஸ் போர்டு மலையாளத்தில் இருக்கிறது, இவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து ஆளிடமும் கேட்கவில்லை, கண்டக்டரிடமும் கேட்கவில்லை. பஸ் நிற்கிற இடம்தான் கலூர் என்று கடைசி வரைக்கும் உட்கார்ந்தே போயிருக்கிறார்.

"பஸ் எங்கயாக்கும் போகுதுன்னு ஒரு வார்த்தை கேட்டா நாக்கு தேஞ்சிருமா அண்ணே?"

"ஆறு வடிவாய்க் கிடந்தது தங்கச்சி. பாத்துக்கொண்டு இருந்தனான்" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முதல் மெஸ்ஸில் யாராவது வழி தவறி வந்தால் ஆலுவாவுக்குப் போய் வந்தாயா என்று கேட்பது எங்களுக்கு வழக்கமாயிற்று.

ஓய்வு நேரத்தில் மெஸ்ஸில் பரிமாறவும் செய்வார். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இன்னும் கொஞ்சம் வைக்கவா, போதுமா என்று ஒரு கேள்வி இருக்காது. சாப்பிடுகிறவனின் கையைப் பார்த்துக்கொண்டே நிற்பார். கை தயங்கினால் சோறு விழும். விரல் மடங்கினால் நகர்ந்துவிடுவார். சுமைக்காரர்களில் மூத்தவர் ஹம்சா இக்கா, மலையாளி, வாயாடி. "இயாள்க்கு மனசு வாயிக்கான் அறியாம்" என்று, இவருக்கு மனசைப் படிக்கத் தெரியும் என்று, சொல்லிச் சொல்லி இன்னொரு துண்டு மத்தி வாங்கிக்கொள்வார். நானும் ஊரெல்லாம் இவர் குணத்தைப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் குணத்தின் அருமை எனக்கு முழுதாகத் தெரிந்தது என் மகள் வீட்டைவிட்டுப் போன அன்றைக்கு. கலூரில் செல்போன் கடை வைத்திருக்கிற பையனோடு ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்விட்டாள். இன்றைக்கு நல்லபடியாக இருக்கிறார்கள், பேரனும் இருக்கிறான், அது வேறு கதை. அன்றைக்கு விடிந்ததிலிருந்து தெருவே என் வாசலில் நின்றது. எப்போது போனாள், உனக்குத் தெரியாதா, என்ன சாதி, நகையை எடுத்துக்கொண்டாளா என்று ஆளுக்கு ஆள் கேட்டுக் குடைந்தார்கள். நான் அடுப்படியில் ஒரு மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். வேலைக்குப் போகாமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தார். மத்தியானம் வழக்கமான நேரத்துக்குச் சோறும் மீன்குழம்பும் மேசைக்குப் போயிற்று. எனக்கு முன்னால் ஒரு தட்டு வந்தது. சாப்பிடு என்றும் சொல்லவில்லை, என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. கூடப் பிறந்தவன்கூட அப்படி இருந்திருக்க மாட்டான். அதற்கு நான் சாகும் வரைக்கும் கடமைப்பட்டவள்.

அவர் இயக்கத்தில் இருந்தவர் என்பதைத் தானாகத்தான் சொன்னார், நான் துருவியெடுக்கவில்லை. நான் தமிழ்நாட்டில், எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் சுவர்களில் எல்லாம் இயக்கத்தின் படங்கள் ஒட்டியிருக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் தமிழனுக்குத் தனி நாடு கேட்டுத் துப்பாக்கி எடுத்தவர்கள் என்று வாத்தியார் கண் கலங்கச் சொல்வார். நானும் கருப்புத் துணி கட்டி ஊர்வலம் போயிருக்கிறேன். பிறகு காற்று மாறிப் படங்கள் கிழிந்தன, வாத்தியாரும் வாயை மூடிக்கொண்டார். அப்படி ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சண்டை எப்படி இருக்கும், துப்பாக்கி என்ன கனம், பெரிய தலைவர்களைப் பார்த்திருக்கிறீர்களா என்று பிடுங்கியெடுத்தேன். அவர் சொன்னதெல்லாம் வேறு மாதிரிக் கதைகள்.

ஞாயிற்றுக்கிழமை சின்ன வெங்காயம் உரிக்கிறபோதுதான் வாய் திறப்பார். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். "ஒரு பொடியன் இருந்தவன்." ஒரு பையன் தேத்தண்ணிக்குச் சீனி அள்ளி அள்ளிப் போடுவானாம், அதற்காக மற்றவர்கள் சீனிப் போத்தலை ஒளித்துவைப்பார்களாம். இன்னொருவன் மழை பெய்தால் அழுவானாம், ஏன் என்று சொல்லமாட்டானாம். ஒரு பெண்பிள்ளை செருப்பு வாரை மூன்று இடத்தில் தைத்துப் போட்டிருந்தாளாம். நகம் கடிப்பது, தும்முவது, சோற்றை உருட்டுவது என்று ஒவ்வொருவரைப் பற்றியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுபோலச் சொல்வார். எல்லாரும் செத்துப்போனவர்கள்.

"அந்தப் பையன் பேரென்ன அண்ணே?"

"இயக்கப் பேர்தான் தெரியும். அது அவனுக்கு முதல் வேற ஆருக்கோ இருந்த பேர். அவன் போனாப் பிறகு வேற ஆருக்கோ குடுத்திட்டாங்கள்."

"சொந்தப் பேரு?"

"கேக்கேல்ல."

"ஊராவது?"

"கேக்கப்படாது தங்கச்சி. சொந்தப் பேர், ஊர், தாய் தகப்பன் ஒண்டும் கேக்கப்படாது. அதுதான் ஒழுங்கு. பிடிபட்டால் அடிப்பாங்கள். தெரிஞ்சாத்தானே சொல்லுறதுக்கு?"

நியாயமாகத்தான் பட்டது. இந்த மனிதர் ஏன் பஸ் கண்டக்டரிடம்கூட வாய் திறப்பதில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது. விளங்கியதாக நினைத்தேன்.

அந்தப் பையன்களில் ஒருவனைப் பற்றி மட்டும் அடிக்கடி சொல்வார். "ஒரு பொடியன் இருந்தவன். வாய் மூடமாட்டான். எல்லாரிட்டயும் ஊர் எது, பேர் என்ன எண்டு கேப்பான். இடது காதில ஒரு கிழிசல். சின்னனில ஆடு முட்டினதாம்." அதற்குமேல் வராது. பிறகு என்ன ஆனான் என்று நான் கேட்டால், "பிறகு அவன் இல்லை" என்பார். சண்டையில் போயிருப்பான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்தக் கதை சொல்கிற நாட்களில் அவர் உரித்த வெங்காயத்தையே மறுபடி மறுபடி உரித்துக்கொண்டிருப்பார். கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது. நான் தட்டை வாங்கி வைத்துவிடுவேன்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் சந்து நாய் மணி செத்துப்போயிற்று. எல்லாருடைய எச்சில் சோறும் தின்று வளர்ந்த கிழ நாய். பிள்ளைகள் அழுதார்கள். குடோன் பின்புறம் கொஞ்சம் மண் தரை இருந்தது. நான் மண்வெட்டியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"அண்ணே, அந்தப் பின்னாடி ஒரு குழி வெட்டுங்க, கேட்டோ."

எந்த வேலையையும் மாட்டேன் என்று சொன்ன ஆள் இல்லை. கக்கூஸ் அடைப்பு வரை எடுத்துக் கொடுத்தவர். அன்றைக்கு மண்வெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நாயைச் சாக்கில் சுற்றி என் காலடியில்தான் போட்டிருந்தேன், அதை அவர் பார்க்கவே இல்லை என்று பிறகுதான் எனக்குப் பட்டது. மண்வெட்டியைச் சுவரில் மெதுவாகச் சாய்த்து வைத்துவிட்டு, "இது மட்டும் என்னட்டச் சொல்லாதேங்கோ தங்கச்சி" என்று தெருவில் இறங்கிப் போனார். அன்றைக்குச் சாப்பிட வரவில்லை. ஹம்சா இக்காதான் குழி வெட்டினார். ஒரு நாய்க்கு இவ்வளவு இளகிய மனசா என்று நான் மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

போன வருஷம் மழை விட்ட சமயம், காலைக் கூட்டம் ஓய்ந்து நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒரு வயதான அம்மா இறங்கினார். எழுபதைத் தாண்டியிருக்கும். வெளிறிய சேலை, தோளில் ஒரு பை. யாழ்ப்பாணத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன் தீர்க்க வந்தாராம். திருச்சியில் யாரோ ஒருவர், முன்னே எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்ட பெயிண்டர், இப்படி ஒரு பழைய இயக்கக்காரர் மட்டாஞ்சேரியில் இருக்கிறார் என்று சொன்னாராம். உடனே ரயில் ஏறிவிட்டார். மகனைத் தேடுகிறார். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே இயக்கத்துக்குப் போனவன்.

"எத்தனையோ பேரிட்டக் கேட்டிட்டன் பிள்ளை. ஒருத்தருக்கும் தெரியேல்ல" என்றார். "ஆனா அவன் உயிரோட இருக்கிறான்."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"எங்கட தெருவில இயக்கத்துக்குப் போய்ச் செத்த பிள்ளையள் எல்லாற்ற வீட்டுக்கும் வந்து சொன்னவங்கள். பெட்டி கொண்டு வந்தவங்கள். சொந்தப் பேர், இயக்கப் பேர் ரெண்டையும் போட்டு நோட்டீஸ் ஒட்டினவங்கள். சாவுக்கு மரியாதை செய்யிறதில அவங்கள் ஒரு நாளும் பிழை விட்டதில்லை. என்ர வீட்டுக்கு ஒருத்தரும் வரேல்ல. அப்ப அவன் எங்கயோ இருக்கிறான்தானே?"

இத்தனை வருஷமும் இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருந்திருக்கிறார். சாயா போட்டுக் கொடுத்தேன். மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் சாப்பிட வந்தார்.

அம்மா பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை, ஒரு பக்கமாகத் திரும்பிய முகம், பத்துப் பன்னிரண்டு வயசுப் பள்ளிக்கூடப் பிள்ளை. அவர் அதை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அம்மா மகனின் பேரைச் சொன்னார். அவர் தலையை ஆட்டினார்.

"சொந்தப் பேர் எங்களுக்குத் தெரியாது அம்மா. இந்த வயசில நான் ஒருத்தரையும் காணேல்ல. அங்க வந்தாப் பிறகு எல்லாற்ற முகமும் மாறிப்போகும்."

"அப்ப எப்பிடித் தம்பி கண்டுபிடிக்கிறது?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார், "பிள்ளை எப்பிடி நடப்பான்?"

நான் கரண்டியும் கையுமாக நின்றுவிட்டேன். அவர் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு கேட்டுக்கொண்டே போனார். எந்தக் கையால் எழுதுவான், சோற்றைப் பிசைந்து சாப்பிடுவானா, தண்ணீரை அண்ணாந்து குடிப்பானா, கோபம் வந்தால் என்ன செய்வான். அம்மா ஒவ்வொன்றுக்கும் ஆசையாசையாகப் பதில் சொன்னார். மகனைப் பற்றி இப்படி யாரும் இதுவரை அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள். முகமே மலர்ந்துவிட்டது.

"கதைக்கிறவனோ அம்மா?"

அம்மா சிரித்துவிட்டார். "கதையோ! வாய் மூடமாட்டான் தம்பி. பஸ்ஸில பக்கத்தில ஆர் இருந்தாலும் ஊர் எது, பேர் என்ன, தகப்பன் ஆர் எண்டு கேட்டு, கடைசியில ஏதாவது ஒரு சொந்தம் பிடிச்சுப்போடுவான். மீன்காரனிட்டயும் சொந்தம் கொண்டாடுவான். அவன்ர பிறவிக் குணம் அது."

அவர் அடுத்த கேள்வியைக் கேட்கக்கூடாது என்று சாமியைக் கும்பிட்டேன். கேட்டார். வாயால் இல்லை, தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

"ஓம், கிழிசல்! ஆடு முட்டினது. அப்ப நீர் கண்டிருக்கிறீர்! என்ர பிள்ளையைக் கண்டிருக்கிறீர்!" அம்மா எழுந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டினேன். சொல்லாதீங்க அண்ணே, எங்கேயோ வெளிநாட்டுக்குப் போயிட்டான் என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று கையைக் கூப்பினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

"அவன் என்ர சொந்தப் பேரைக் கேட்டவன் அம்மா. அங்க வந்தாப் பிறகு என்னட்ட ஆரும் கேட்டதில்லை. நான் சொல்லிப்போட்டன். ஊரும் சொன்னன். 'அட, அங்கதான் என்ர பெரியம்மா இருக்கிறா, நீர் எனக்குச் சொந்தக்காரனடாப்பா' எண்டான். எனக்கும் சந்தோசமாய் இருந்தது. படுத்தாப் பிறகு பயம் பிடிச்சிட்டுது. இவன் ஏன் கேக்கிறான், ஆருக்குச் சொல்லுறதுக்குக் கேக்கிறான் எண்டு. ஆராவது பேர் ஊர் கேட்டால் பொறுப்பாளரிட்டச் சொல்ல வேணும். அது ஒழுங்கு. காலமை நான் போய்ச் சொன்னனான்."

அம்மா கையை விடவில்லை.

"கொஞ்ச நாளால அவனைக் காணேல்ல. நான் கேக்கேல்ல. பிறகு ஒரு நாள் என்னட்ட மண்வெட்டியைத் தந்து பின்பக்கப் பனையடியில ஒரு ஆள் நீளத்துக்குக் கிடங்கு வெட்டச் சொன்னாங்கள். வெட்டினன். ஆருக்கு எண்டு கேக்கேல்ல. வெட்டி முடிய, போகச் சொன்னாங்கள். போயிட்டன். அவன் உளவாளி எண்டு பிறகு கதைச்சவங்கள். அதையும் நான் கேக்கேல்ல."

அம்மா அவர் கையை மெதுவாக விட்டார்.

"உன்ர ஊர் எது?"

அவர் சொன்னார்.

"என்ர அக்கா அங்கதான் கட்டினவ" என்றார் அம்மா. "கோயிலுக்குப் பின்வீடு. அவன் பொய் சொல்லேல்ல."

அவர் அந்தப் பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். இத்தனை வருஷமும் அந்தப் பையன் உளவாளியாக இருக்கலாம் என்ற ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மனிதரும் உயிரோடு இருந்திருக்கிறார். அதுவும் அறுந்துபோயிற்று.

அம்மா போட்டோவை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அண்ணன் விரல் பட்ட இடத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தார். அழவில்லை.

"இடம் தெரியுமோ?"

"தெரியும்."

"வந்து காட்டு."

"ஓம் அம்மா."

அவ்வளவுதான். நான் போட்டுக் கொடுத்த சாயா ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. அம்மா என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, தன் விலாசத்தை எழுதி வைத்துவிட்டு, வேறொரு ஆட்டோ பிடித்துத் திரும்பிப் போனார்.

எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? இந்தக் கையாலா இத்தனை வருஷம் சோறு போட்டோம் என்று பொருமினேன். இவருடைய மௌனத்தைப் போய்த் தங்கமான குணம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே! கொஞ்ச நாள் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்குத் தட்டு வைத்தேன், ஆனால் சத்தம் வரும்படி வைத்தேன். என் மகள் போன அன்றைக்கு அவர் வைத்த தட்டு ஞாபகம் வரும்போது மட்டும் கோபம் தடுமாறும். அந்த இரண்டும் ஒரே மனிதர் என்பதை என் மண்டை ஏற்கவே இல்லை. இன்றைக்கும் முழுதாக ஏற்கவில்லை.

அவர் கிளம்ப ஆயத்தமானார். பாஸ்போர்ட் என்று கையில் ஒரு காகிதமும் இல்லாத ஆள். கடல் வழியாகக் கூட்டிப் போக ஆட்கள் இருக்கிறார்களாம்.

"போனா உங்கள விடமாட்டாங்க அண்ணே. பழைய இயக்கக்காரன்னு பிடிச்சு உள்ள போட்டுட்டா யாரு வந்து பார்ப்பா? அந்தம்மாவுக்கு இடத்த வரைஞ்சு அனுப்புங்க, போதும்" என்று கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன்.

"வரைஞ்சு காட்டுற இடமில்லைத் தங்கச்சி அது" என்றார்.

போகிற அன்று காலையில் அதே துணிப்பையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். நெற்றியில் வேர்த்திருந்தது.

"தங்கச்சி, உங்கட பேர் என்ன?"

எனக்குப் பொல பொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "இத்தனை வருஷம் எங்க போச்சு இந்த வாயி?" என்று திட்டினேன். மெஸ்ஸில் எல்லாருக்கும் நான் சேச்சி, அவருக்குத் தங்கச்சி. என் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டே வெகு காலம் ஆகியிருந்தது. முத்துலட்சுமி என்றேன். அப்பா பேர் சுடலைமுத்து, ஊர் கழுகுமலைக்குப் பக்கம் என்றேன். அவர் ஒவ்வொன்றையும் வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

தோசை கருகிற்று. நான் அடுப்பை அணைத்துவிட்டு, "உங்க பேரு?" என்றேன்.

வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து சொன்னார். பேர், தகப்பன் பேர், ஊர், வீட்டுக்குப் பக்கத்துக் கோயில், எல்லாம் சொன்னார்.

"அவனுக்குப் பிறகு உங்களிட்டத்தான் சொல்லுறன்" என்றார். "போட்டு வாறன் தங்கச்சி."

அதற்குப் பிறகு மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. மாடி அறையை வாடகைக்கு விடச் சொல்லி என் வீட்டுக்காரர் சொன்னார், நான் விடவில்லை. வெங்காயம் உரிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பொடியன்கள் எல்லாம் அடுப்படியில் வந்து உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றும். சீனி போடுகிறவன், மழைக்கு அழுகிறவன், செருப்பு தைத்த பிள்ளை. அவர்களை எனக்கு விட்டுவிட்டுப் போய்விட்டார் பாவி மனுஷன்.

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. கூட்டம் நெரிந்தது. அந்த அம்மாவின் குரல்.

"பிள்ளை, அவன் வந்து இடத்தைக் காட்டினவன். பனை இல்லை, ஆனா இடம் பிழைக்கேல்ல. மண்வெட்டியை ஒருத்தரிட்டயும் குடுக்கேல்ல, தானேதான் வெட்டினவன். என்ர பிள்ளையைக் கண்டிட்டன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வெட்டினதை ஆரோ கண்டு போய்ச் சொல்லிப்போட்டாங்கள். விடியக் காத்தால வந்து அவனை விசாரணைக்கெண்டு கூட்டிக்கொண்டு போயிட்டாங்கள். எங்க கொண்டு போனவங்கள் எண்டு ஒருத்தரும் சொல்லுகினமில்லை. நான் பொலிஸ், கச்சேரி எண்டு ஒவ்வொரு கந்தோராய்ப் போய்க் கேக்கிறன்."

"நீங்களா அம்மா? நீங்களா அவரைத் தேடறீங்க?"

"அவனில எனக்குக் கோபம் ஆறேல்ல. ஆறாது. ஆனா ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் ஆராவது போய்க் கேக்க வேணும், பிள்ளை" என்றார். "போற இடமெல்லாம் ஆள் ஆர், பேர் என்ன எண்டுதான் முதல் கேக்கினம். எனக்குத் தெரியாதே. அவனும் சொல்லேல்ல, நானும் கேக்கேல்ல. உமக்குத் தெரியுமோ?"

"தெரியும்" என்றேன்.

சொன்னேன். லைன் சரியில்லை, அம்மாவுக்குக் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். பேர், தகப்பன் பேர், ஊர், கோயில் என்று ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னேன். அம்மா அந்தப் பக்கம் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். நான் கத்திய கத்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பேரை அந்த வீட்டுக்குள் என்னைத் தவிர யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஆரா சேச்சீ அது?" என்றார் ஹம்சா இக்கா.

"நம்ம அண்ணன்" என்றேன்.